பிளேட்லெட் குறைவு, வால்வு கசிவு: சிறு நாய்களில் இரண்டுக்கும் என்ன உறவு?

வயதாகிவரும் சிறு இன நாயைப் பரிசோதனைக்குக் கொண்டுபோகும் பலருக்கு ஒரே நாளில் இரண்டு செய்திகள் கிடைத்துவிடுகின்றன. ஸ்டெதாஸ்கோப் வைத்துப் பார்த்த மருத்துவர், இதயத்தில் மர்மர் (துடிப்போடு சேர்ந்து வரும் இரைச்சல்) கேட்கிறது, வால்வு கசிகிறது என்கிறார். ரத்தப் பரிசோதனை அறிக்கையிலோ பிளேட்லெட் எண்ணிக்கைக்கு எதிரே 'குறைவு' என்று அச்சாகியிருக்கிறது. ரத்தம் உறையாமல் போய்விடுமா, அதனால்தான் இதயம் கெட்டதா, இல்லை இதயம் கெட்டதால் இது குறைந்ததா, மனிதர்களுக்குத் தருவதுபோல ஆஸ்பிரின் தரலாமா என்று கேள்விகள் அடுக்கடுக்காக எழுகின்றன.

குழப்பம் நியாயமானதுதான். இங்கே மூன்று தனித்தனி விஷயங்கள் ஒன்றோடொன்று சிக்கிக் கிடக்கின்றன.

1. சில இனங்களில் பிளேட்லெட் எண்ணிக்கை பிறவியிலேயே குறைவு. இதற்கும் வால்வுக்கும் சம்பந்தம் இல்லை.
2. வால்வு கசியும்போது, அந்த வேகமான ரத்தப் பாய்ச்சல் பிளேட்லெட்டுகள் வேலை செய்யும் விதத்தை மாற்றுகிறது.
3. பிளேட்லெட்டுகள் சுமந்து செல்லும் சில வேதிப்பொருட்கள் வால்வுத் திசுவைக் கெடுக்க உதவக்கூடும்.

முதலாவது மரபணு அளவில் நிறுவப்பட்டது. இரண்டாவதற்கு நல்ல சான்று உண்டு. மூன்றாவது இன்னும் கருதுகோள்தான். மூன்றையும் ஒரே தட்டில் வைத்துப் பேசும்போதுதான் தேவையில்லாத பயமும், தேவையில்லாத மாத்திரையும் வந்து சேர்கின்றன. அதனால் அடிப்படையிலிருந்து ஆரம்பிக்கலாம்.

மைட்ரல் வால்வு எப்படிக் கெடுகிறது

இதயத்தின் இடது பக்கத்தில் மேலே ஏட்ரியம், கீழே வென்ட்ரிகிள் என இரண்டு அறைகள். நுரையீரலிலிருந்து ஆக்சிஜனோடு வரும் ரத்தம் ஏட்ரியத்தில் சேர்ந்து, வென்ட்ரிகிளுக்கு இறங்கி, அங்கிருந்து உடல் முழுவதுக்கும் தள்ளப்படுகிறது. இரண்டுக்கும் நடுவில் இருப்பது மைட்ரல் வால்வு. மெல்லிய இரண்டு இதழ்கள், அவற்றை இழுத்துப் பிடிக்கும் நார்கள், இவ்வளவுதான் அதன் அமைப்பு. வென்ட்ரிகிள் சுருங்கும்போது இதழ்கள் இறுக மூடிக்கொள்ள வேண்டும், ரத்தம் மேலே திரும்பக் கூடாது.

சிறு நாய்களுக்கு வரும் நோயின் முழுப் பெயர் மிக்ஸோமேட்டஸ் மைட்ரல் வால்வு நோய். இதழின் நடு அடுக்கில் நீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் சர்க்கரைச் சங்கிலிப் பொருட்கள் மிகையாகச் சேர்கின்றன. இதழுக்கு உறுதி தரும் கொலாஜன் இழைகள் குலைகின்றன. ஓரங்கள் தடித்து முடிச்சு முடிச்சாகின்றன, நார்கள் நீள்கின்றன, சில நேரம் அறுந்தும் போகின்றன. இதழ்கள் சரியாகப் பொருந்தாத இடைவெளி வழியே ஒவ்வொரு துடிப்பிலும் கொஞ்சம் ரத்தம் பின்னால் பாய்கிறது. மருத்துவர் காதில் மர்மராகக் கேட்பது அந்தப் பாய்ச்சல்தான்.

இது கிருமித் தொற்று அல்ல. பாக்டீரியா வால்வில் ஒட்டி வளரும் எண்டோகார்டைட்டிஸ் வேறு நோய், அது பெரும்பாலும் பெரிய இன நாய்களுக்கு வருகிறது. கொழுப்பு படிந்து வரும் நோயும் அல்ல. இந்த இரண்டாவது வித்தியாசத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், ஆஸ்பிரின் பற்றிப் பேசும்போது தேவைப்படும்.

நாய்களின் இதய நோய்களில் சுமார் 75 சதவீதம் இந்த ஒரே நோய்தான் என்று அமெரிக்கக் கால்நடை உள்மருத்துவக் கல்லூரியின் வழிகாட்டுதல் சொல்கிறது. 20 கிலோவுக்குக் குறைவான நாய்களில்தான் அதிகம் காணப்படுகிறது. பெண் நாய்களைவிட ஆண் நாய்களில் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு கூடுதல். டாக்ஸ்ஹண்ட், பூடில், சிவாவா, பாமரேனியன், ஷிட்ஸு, மால்டீஸ் எல்லாமே பட்டியலில் உண்டு. ஆனால் கவலியர் கிங் சார்ல்ஸ் ஸ்பேனியல் இனத்தின் நிலை தனி. மற்ற இனங்களில் முதுமையில் வருவது இவற்றில் நடுவயதிலேயே வந்துவிடுகிறது. பத்து வயதைத் தாண்டிய கவலியர்களில் மர்மர் இல்லாத நாயைப் பார்ப்பதே அரிது.

மேலே சொன்ன கல்லூரியின் 2019 வழிகாட்டுதல் நோயை இப்படிப் படிகளாகப் பிரிக்கிறது:

- ஏ: நோய் இல்லை, ஆனால் வரக்கூடிய இனம்.
- பி1: மர்மர் உண்டு. இதயம் குறிப்பிடும் அளவுக்குப் பெரிதாகவில்லை.
- பி2: அறிகுறி இல்லை, ஆனால் இடது ஏட்ரியமும் வென்ட்ரிகிளும் தெளிவாகப் பெரிதாகிவிட்டன. எக்கோ எனும் இதய ஸ்கேனில் இடது ஏட்ரியத்துக்கும் மகாதமனிக்கும் உள்ள அளவு விகிதம் 1.6 அல்லது அதற்கு மேல் என்பது ஒரு முக்கிய அளவுகோல்.
- சி: இதயச் செயலிழப்பின் அறிகுறிகள் வந்துவிட்டன. நுரையீரலில் நீர் கோக்கிறது.
- டி: வழக்கமான மருந்துகளுக்கு அடங்காத நிலை.

பல நாய்கள் பி1 நிலையிலேயே வாழ்நாளைக் கழித்துவிடுகின்றன. மர்மர் என்று கேட்டதும் நாட்களை எண்ண ஆரம்பிக்க வேண்டியதில்லை.

பிளேட்லெட்டின் வேலை

பிளேட்லெட், அதாவது ரத்தத் தட்டணு, முழு செல் அல்ல. எலும்பு மஜ்ஜையில் இருக்கும் மெகாகேரியோசைட் என்ற பெரிய செல்லிலிருந்து கிள்ளி விடப்பட்ட துண்டு. உட்கரு கிடையாது. நாயின் ரத்தத்தில் ஒரு வாரத்துக்கும் குறைவாகவே உலவுகிறது. ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் ஏறத்தாழ 2 லட்சம் முதல் 5 லட்சம் வரை இருப்பது இயல்பு. ஆய்வகத்துக்கு ஆய்வகம் இந்த எல்லை கொஞ்சம் மாறும்.

ரத்தக் குழாயின் உட்சுவர் கிழிந்தால் நடப்பது மூன்று கட்டம்:

1. ஒட்டுதல். கிழிசலில் வெளிப்பட்ட கொலாஜனில் பிளேட்லெட் ஒட்ட வேண்டும். ரத்தம் வேகமாக ஓடும் இடத்தில் அது தானாக ஒட்டாது. வான் வில்லிபிராண்ட் காரணி என்ற நீண்ட புரதம் நடுவில் நின்று பிடித்துக் கொடுக்கிறது.
2. கிளர்ச்சி. ஒட்டிய பிளேட்லெட் உருமாறி, உள்ளே சிறு பைகளில் சேமித்து வைத்திருந்த பொருட்களை வெளியே விடுகிறது. ஏடிபி, செரடோனின், கால்சியம், டிஜிஎஃப் பீட்டா எனும் வளர்ச்சிக் காரணி போன்றவை அவை.
3. திரட்சி. இந்தப் பொருட்களின் அழைப்பில் மற்ற பிளேட்லெட்டுகள் வந்து ஒன்றோடொன்று பிணைந்து அடைப்பு உருவாகிறது. அதன்மேல் ஃபைப்ரின் வலை படிந்து உறுதியாகிறது.

நாய்க்கு மட்டும் உரிய ஒரு நுணுக்கம் இங்கே இருக்கிறது. மனிதப் பிளேட்லெட்டுகள் தங்களுக்குள்ளேயே கணிசமான அளவு வான் வில்லிபிராண்ட் காரணியை வைத்திருக்கின்றன. நாயின் பிளேட்லெட்டுகளில் அது மிகக் குறைவு. ரத்தக் குழாய்ச் சுவர் செல்கள் பிளாஸ்மாவில் விடும் காரணியை நம்பித்தான் நாய் இருக்கிறது. பிளாஸ்மாவில் அந்தப் புரதத்துக்கு ஏதாவது ஆனால், ஈடுகட்டக் கையிருப்பு இல்லை.

ஆக, எத்தனை பிளேட்லெட் இருக்கிறது என்பது ஒரு கேள்வி, அவை எப்படி வேலை செய்கின்றன என்பது வேறொரு கேள்வி. எண்ணிக்கை குறைந்தும் நன்றாக வேலை செய்யலாம், எண்ணிக்கை நிறைந்தும் சரியாக ஒட்டாமல் போகலாம். ரத்தப் பரிசோதனை அறிக்கை முதல் கேள்விக்கு மட்டுமே பதில் சொல்கிறது. அதையும் எப்போதும் சரியாகச் சொல்வதில்லை.

கவலியரின் பெரிய பிளேட்லெட்டுகள்

கவலியர் இனத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரையிலான நாய்களுக்குப் பிளேட்லெட் எண்ணிக்கை குறைவாகவே இருக்கும். 1 லட்சத்துக்குக் கீழே போவது சாதாரணம். 50 ஆயிரம் அளவுக்கு இறங்கியும் எந்த ரத்தக்கசிவும் இல்லாமல் ஓடியாடும் நாய்கள் உண்டு.

காரணம் 2008-இல் தெளிவானது. பீட்டா-1 டியூபுலின் என்ற புரதத்துக்கான மரபணுவில் ஒரு மாற்றம். மெகாகேரியோசைட்டிலிருந்து பிளேட்லெட்டுகளைச் சீரான அளவில் பிரித்து விடுவதற்கு இந்தப் புரதம் தேவை. அது பிழையானால் குறைந்த எண்ணிக்கையில், பெரிய பெரிய பிளேட்லெட்டுகள் உருவாகின்றன. பெற்றோர் இருவரிடமிருந்தும் மாறிய பிரதி வந்தால்தான் வெளிப்படும். நார்ஃபோக் டெரியர், கெய்ர்ன் டெரியர் இனங்களில் அதே மரபணுவில் வேறொரு மாற்றம் இதே விளைவைத் தருகிறது.

எண்ணும் இயந்திரங்களில் பல, துகளின் அளவை வைத்துத்தான் பிரிக்கின்றன. சிறியது பிளேட்லெட், பெரியது சிவப்பணு. கவலியரின் ராட்சதப் பிளேட்லெட்டுகள் சிவப்பணுக் கணக்கில் போய்விடுகின்றன. அதனால் உண்மையிலேயே குறைந்த எண்ணிக்கை, அறிக்கையில் இன்னும் குறைவாகத் தெரிகிறது. எண்ணிக்கைக்குப் பதில் மொத்தப் பிளேட்லெட் கனஅளவை அளந்தால், அதாவது பிளேட்லெட்கிரிட் பார்த்தால், பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும். ரத்தம் உறையத் தேவையான சரக்கு குறையவில்லை, குறைவான பொட்டலங்களில் இருக்கிறது, அவ்வளவுதான்.

இந்தக் குறைபாடுதான் வால்வைக் கெடுக்கிறதா? இல்லை என்று சொல்ல எளிய தர்க்கமே போதும். இந்த மரபணு மாற்றம் இல்லாத மற்ற சிறு இன நாய்களுக்கும் அதே வால்வு நோய் வருகிறது. இயல்பான பிளேட்லெட் எண்ணிக்கை உள்ள கவலியர்களுக்கும் வருகிறது. ஒரே இனத்தில் இரண்டும் பரவலாக இருப்பதால் ஒரே நாயில் இரண்டும் சேர்ந்து காணப்படுகின்றன.

ஆனால் இதை ஒரு சமாதானமாகப் பிடித்துக்கொண்டு, கவலியர்தானே, குறைவாகத்தான் இருக்கும் என்று விட்டுவிடுவதும் ஆபத்து. அறிக்கையில் குறைவு என்று வந்தால் பார்க்க வேண்டியவை:

1. கட்டியாகிவிட்டதா? ரத்தம் எடுக்க நேரமானாலோ, ஊசி சிரமப்பட்டு ஏறினாலோ, குழாயிலேயே பிளேட்லெட்டுகள் திரண்டுவிடும். இயந்திரம் அவற்றை எண்ணாது. பொய்க் குறைவுக்கு மிகச் சாதாரணமான காரணம் இதுதான். மறுபடி சுத்தமாக ரத்தம் எடுப்பதும், சிட்ரேட் குழாயில் எடுப்பதும் உதவும்.

2. கண்ணாடித் தகட்டில் பார்த்தார்களா? ரத்தத் துளியை மெல்லப் பரப்பிச் சாயமேற்றி, எண்ணெய் லென்ஸில் பார்க்க வேண்டும். ஒரு பார்வைப் புலத்தில் தெரியும் ஒவ்வொரு பிளேட்லெட்டும் மைக்ரோலிட்டருக்குச் சுமார் 15 ஆயிரம் என்று கணக்கு. சராசரியாகப் பத்து தெரிந்தால் ஏறத்தாழ ஒன்றரை லட்சம். சில நிமிட வேலை. என் பார்வையில், சிறு இன நாயின் பிளேட்லெட் குறைவு பற்றி எந்த முடிவுக்கும் வருவதற்கு முன்னால் இதைச் செய்தே ஆக வேண்டும்.

3. பிளேட்லெட்டுகள் பெரிதாக இருக்கின்றனவா? கவலியரில் பெரிதாகவும் குறைவாகவும் இருந்து, நாய் நலமாக இருந்தால், பிறவிக் குணம் என்ற எண்ணம் வலுப்படும். மரபணுப் பரிசோதனையும் கிடைக்கிறது.

4. பழைய அறிக்கைகள் என்ன சொல்கின்றன? பிறவிக் குறைவு இளவயதிலிருந்தே ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கும். போன வருடம் இயல்பாக இருந்து இப்போது சரிந்திருந்தால் அது வேறு கதை.

5. உண்ணிக் காய்ச்சல்கள் விலக்கப்பட்டனவா? எர்லிக்கியா கேனிஸ், அனாபிளாஸ்மா பிளாட்டிஸ் போன்ற உண்ணி வழிக் கிருமிகள் பிளேட்லெட்டுகளைக் குறைக்கும். இரண்டாவது கிருமி பிளேட்லெட்டுக்குள்ளேயே புகுந்து வாழ்கிறது. உடலின் எதிர்ப்பு சக்தியே பிளேட்லெட்டுகளை அழிக்கும் நோயும் உண்டு. இவை கவலியருக்கும் வரும்.

ஈறிலும் வயிற்றுத் தோலிலும் ஊசிமுனை அளவுச் சிவப்புப் புள்ளிகள், காரணமில்லாத ரத்தக்கட்டு, மூக்கில் ரத்தம், கறுப்பு மலம் ஆகியவற்றில் எது இருந்தாலும் இனத்தின் குணம் என்று காத்திருக்கக் கூடாது. அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். தானாக ரத்தம் கசிவது பெரும்பாலும் உண்மையான எண்ணிக்கை 30 ஆயிரத்துக்குக் கீழே போகும்போதுதான்.

கசிவு பிளேட்லெட்டுகளுக்கு என்ன செய்கிறது

இப்போது இரண்டாவது உறவு. எண்ணிக்கையைப் பற்றிய பேச்சு முடிந்தது, இனி செயல்பாடு.

வென்ட்ரிகிள் சுருங்கும்போது அதனுள் அழுத்தம் சுமார் 120 மில்லிமீட்டர் பாதரசம் வரை ஏறுகிறது. மேலே ஏட்ரியத்திலோ பத்து அளவுதான். இந்த வித்தியாசம் ஒரு சிறு இடைவெளி வழியே ரத்தத்தைத் தள்ளினால், அது நொடிக்கு 5 முதல் 6 மீட்டர் வேகத்தில் பீய்ச்சியடிக்கும். அதே வால்வு வழியாக இயல்பான திசையில் ரத்தம் இறங்கும் வேகம் நொடிக்கு ஒரு மீட்டர் அளவிலேயே இருக்கும். அந்தப் பீய்ச்சலின் ஓரத்தில் அடுத்தடுத்த ரத்த அடுக்குகள் வெவ்வேறு வேகத்தில் ஓடுவதால் கடுமையான உராய்வு விசை உண்டாகிறது. இதை வெட்டுவிசை என்பார்கள்.

இந்த விசை முதலில் பாதிப்பது வான் வில்லிபிராண்ட் காரணியை. அது சாதாரணமாக நூல் உருண்டைபோலச் சுருண்டு மிதக்கிறது. வெட்டுவிசை அதை இழுத்துப் பிரிக்கிறது. பிரிந்ததும், அடாம்ட்ஸ்-13 என்ற நொதிக்கு வெட்ட வேண்டிய இடம் கிடைத்துவிடுகிறது. மிக நீண்ட மூலக்கூறுகள் முதலில் துண்டாகின்றன. பிளேட்லெட்டுகளைப் பிடித்து ஒட்டவைப்பதில் திறமையானவையும் அந்த நீண்ட மூலக்கூறுகள்தான்.

மனித மருத்துவத்தில் இது பழகிய விஷயம். 1958-இல் எட்வர்ட் ஹைட் என்ற அமெரிக்க மருத்துவர், அயோர்ட்டிக் வால்வு சுருங்கிய முதியவர்களுக்குக் குடலில் ரத்தக்கசிவு வருவதைக் கவனித்து எழுதினார். பல பத்தாண்டுகள் கழித்துத்தான் காரணம் புரிந்தது. சுருங்கிய வால்வு வழியே பாயும் ரத்தத்தில் இந்த நீண்ட மூலக்கூறுகள் சிதைகின்றன. வால்வை மாற்றியதும் அவை மீண்டும் ரத்தத்தில் தோன்றுகின்றன.

நாய்களிலும் இதையொத்த மாற்றம் இருக்கிறது. டென்மார்க் ஆய்வாளர்கள் கவலியர்களைத் தொடர்ந்து ஆராய்ந்தபோது, கசிவு மிதமாகவோ கடுமையாகவோ உள்ள நாய்களில் வான் வில்லிபிராண்ட் காரணியின் பெரிய மூலக்கூறுகள் குறைவதையும், பிளேட்லெட் அடைப்பு உருவாக அதிக நேரம் பிடிப்பதையும் பதிவு செய்தார்கள். நாயின் பிளேட்லெட்டுகளுக்குள் இந்தக் காரணியின் கையிருப்பு இல்லை என்று பார்த்தோம் அல்லவா, அதை இங்கே பொருத்திப் பாருங்கள்.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. வெட்டுவிசை பிளேட்லெட்டுகளை நேரடியாகக் கிளர்ச்சியடையவும் வைக்கும். அதனால் சில ஆய்வுகளில் வால்வு நோயுள்ள நாய்களின் பிளேட்லெட்டுகள் வழக்கத்தைவிட எளிதாகத் திரண்டிருக்கின்றன, சிலவற்றில் மந்தமாக இருந்திருக்கின்றன. முடிவுகள் முரண்படுவதற்கு எனக்குத் தெரியும் முக்கியக் காரணம், அளக்கும் முறை. ஓட்டமில்லாத சோதனைக் குழாயில் ஏடிபி ஊற்றித் திரட்சி பார்க்கும் கருவிக்கு வான் வில்லிபிராண்ட் காரணி அவ்வளவாகத் தேவையில்லை. நுண்துளை வழியே ரத்தத்தை வேகமாக இழுத்து, துளை எப்போது அடைபடுகிறது என்று பார்க்கும் கருவி முழுக்க அதைச் சார்ந்தது. ஒரே நாயின் ரத்தம் முதல் கருவியில் சுறுசுறுப்பாகவும் இரண்டாவதில் சோம்பலாகவும் தெரியலாம். இரண்டுமே உண்மைதான், இரண்டும் ஒன்றையே அளக்கவில்லை.

நாய்க்கு இதனால் என்ன ஆகிறது? அன்றாட வாழ்க்கையில் பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை. வால்வு கசிவால் மட்டும் வெளிப்படையாக ரத்தம் கசியும் நாய்கள் அரிது. அறுவை சிகிச்சை என்று வரும்போதுதான் இது கணக்கில் வர வேண்டும்.

செரடோனின்: பிளேட்லெட்டுகள் வால்வைக் கெடுக்கின்றனவா

மூன்றாவது உறவு தலைகீழானது. இங்கே குற்றம் சாட்டப்படுவது பிளேட்லெட்.

உடலின் செரடோனினில் பெரும்பகுதி குடலில் உருவாகிறது. அது ரத்தத்தில் கலந்ததும் பிளேட்லெட்டுகள் உறிஞ்சித் தங்கள் பைகளில் வைத்துக்கொள்கின்றன. பிளாஸ்மாவில் தனியாக மிதக்கும் செரடோனின் மிகக் கொஞ்சம்தான்.

செரடோனின் வால்வுகளைக் கெடுக்கும் என்பது மனிதர்களிடம் தெரிந்த உண்மை. செரடோனின் சுரக்கும் கார்சினாய்டு கட்டி உள்ளவர்களுக்கு வால்வுகள் தடிக்கின்றன. ஃபென்ஃப்ளூரமின் என்ற எடை குறைப்பு மருந்தை உட்கொண்டவர்களுக்கு வால்வு நோய் வந்ததால் 1997-இல் அது சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. பார்க்கின்சன் நோய்க்கான பெர்கோலைடும் இதே காரணத்தால் அமெரிக்காவில் 2007-இல் விலக்கப்பட்டது. மூன்றுக்கும் பொதுவானது வால்வுச் செல்களில் உள்ள 5எச்டி-2பி என்ற செரடோனின் ஏற்பி தூண்டப்படுவது. தூண்டப்பட்டால் அமைதியாக இருந்த செல்கள் விழித்துக்கொண்டு இணைப்புத் திசுவை உற்பத்தி செய்ய ஆரம்பிக்கின்றன. டிஜிஎஃப் பீட்டாவும் அந்த வேலையில் கைகொடுக்கிறது.

அப்படியானால் நாயின் பிளேட்லெட்டுகள் விடும் செரடோனினும் டிஜிஎஃப் பீட்டாவும்தான் மைட்ரல் வால்வைக் கெடுக்கின்றனவா? ஆதரவாகவும் எதிராகவும் சொல்லக்கூடியவை இருக்கின்றன.

ஆதரவாக: வால்வு நோயுள்ள நாய்களின் சீரத்தில் செரடோனின் கூடுதலாக இருப்பதாக 2009-இல் ஓர் ஆய்வு வந்தது. கவலியர்களில் மற்ற இனங்களைவிட அதிகம் என்றும் காணப்பட்டது. இன்னொரு தர்க்கமும் உண்டு. கார்சினாய்டு நோயில் வலது பக்க வால்வுகள்தான் பெரும்பாலும் கெடுகின்றன, ஏனென்றால் தனித்து மிதக்கும் செரடோனினை நுரையீரல் சிதைத்துவிடுகிறது, அது இடது பக்கத்துக்குப் போய்ச் சேருவதில்லை. பிளேட்லெட்டுக்குள் பத்திரமாக இருக்கும் செரடோனினோ நுரையீரலைத் தாண்டி இடது பக்கம் வந்துவிடும். கசிவின் பீய்ச்சலில் பிளேட்லெட் கிளர்ந்து, வால்வின் மேற்பரப்பிலேயே அதை விட்டுவிட்டால்? கேட்க நன்றாகவே இருக்கிறது.

எதிராக: பின்னால் வந்த ஆய்வில், நோய் கடுமையான நாய்களில் சீரச் செரடோனின் குறைவாக இருந்தது. சீரம் என்பது உறைந்த ரத்தத்திலிருந்து எடுப்பது. உறையும்போது பிளேட்லெட்டுகள் தங்களிடம் இருந்ததையெல்லாம் கொட்டிவிடுகின்றன. எனவே அந்த அளவு, வால்வு எவ்வளவு செரடோனினில் நனைகிறது என்பதைவிட, பிளேட்லெட்டுகளில் எவ்வளவு சேமிப்பு இருந்தது என்பதையே காட்டுகிறது. பிளேட்லெட்டின் எண்ணிக்கையும் பருமனும் மாறுபடும் கவலியரை வைத்து இதை எடைபோடுவது இன்னும் சிக்கல். தவிர, செரடோனினுக்கு வால்வு பிளேட்லெட்டை நம்பியிருக்க வேண்டிய அவசியமும் இல்லை. செரடோனினை உருவாக்கத் தேவையான நொதி நோயுற்ற நாய் வால்விலேயே கூடுதலாக இருப்பதைக் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2009-இல் காட்டினார்கள். வால்வு தனக்குத் தேவையானதைத் தானே செய்துகொள்ளக்கூடும்.

இடது பக்கம் அதிகம் கெடுவதற்கு எளிய விளக்கமும் இருக்கிறது. அங்கேதான் அழுத்தம் அதிகம். ஒவ்வொரு துடிப்பிலும் இதழ்கள் தாங்க வேண்டிய இழுவிசையும் அதிகம். சிறு இனங்களின் மரபணுவில் ஏற்கெனவே பலவீனமான இணைப்புத் திசு, அதன்மேல் வருடக்கணக்கான இழுவிசை, அது செல்களுக்குள் கிளப்பும் செரடோனின்–டிஜிஎஃப் பீட்டா சமிக்ஞை என்ற வரிசையைத்தான் இன்றைய சான்றுகள் அதிகம் ஆதரிப்பதாக நான் நினைக்கிறேன். பிளேட்லெட்டுகள் நடுவில் புகுந்து எண்ணெய் ஊற்றலாம். தீயை வைத்தது அவைதான் என்று சொல்ல ஆதாரம் போதாது.

அப்போ, ஆஸ்பிரின்?

இதய நோய் என்றால் ஆஸ்பிரின் என்பது மனிதர்களைப் பார்த்துப் பழகிய எண்ணம். மனிதர்களுக்கு அது தரப்படுவது, கொழுப்பு படிந்த இதயத் தமனியில் ரத்தம் கட்டி மாரடைப்பு வராமல் இருக்க. நாய்களுக்கு அந்தத் தமனி நோய் அபூர்வம். வால்வு நோயில் தடுக்க வேண்டிய ரத்தக்கட்டியே இல்லாதபோது மாத்திரை எதற்கு?

பூனை வளர்ப்பவர்கள் உடனே குறுக்கிடுவார்கள், எங்கள் பூனைக்கு இதய நோய்க்கு குளோபிடோக்ரெல் என்ற பிளேட்லெட் தடுப்பு மருந்தைத் தருகிறார்களே என்று. சரிதான். பூனைகளுக்கு வருவது இதயத் தசை நோய். பெருத்த இடது ஏட்ரியத்தில் ரத்தம் தேங்கி, கட்டி உருவாகி, பின்னங்கால்களுக்குப் போகும் தமனியை அடைத்துவிடும். நாயின் மைட்ரல் கசிவில் இடது ஏட்ரியம் பெருத்தாலும், பீய்ச்சல் ஒவ்வொரு துடிப்பிலும் உள்ளே அலசிக்கொண்டே இருக்கிறது. தேக்கம் குறைவு, கட்டியும் அரிது. அதனால் இந்த நோய்க்கு மட்டும் என்று பிளேட்லெட் தடுப்பு மருந்து வழக்கமாகத் தரப்படுவதில்லை.

பலனில்லாதது மட்டுமல்ல, கெடுதலும் உண்டு:

1. ஆஸ்பிரின் நாயின் வயிற்றில் புண் உண்டாக்கும்.
2. ஃபுரோசமைடு, பெனாசெப்ரில் போன்ற இதய மருந்துகளோடு சேர்ந்தால் சிறுநீரகத்துக்குச் சுமை கூடும்.
3. கடுமையான கசிவில் அரிதாக இடது ஏட்ரியச் சுவரே கிழிந்து, இதய உறைக்குள் ரத்தம் கொட்டும். பிளேட்லெட் அடைப்பு மிகத் தேவைப்படும் நேரம் அது.

உண்மையில் ஆயுளைக் கூட்டுவது வேறு மருந்துகள். 2016-இல் வெளியான எபிக் ஆய்வு, பி2 நிலையில் பிமோபெண்டன் என்ற இதய மருந்தை ஆரம்பித்தால் இதயச் செயலிழப்பு ஏறத்தாழ 15 மாதம் தள்ளிப்போகிறது என்று காட்டியது. பிமோபெண்டன் பிளேட்லெட்டுகளையும் மந்தப்படுத்துமா என்று சிலர் கேட்பதுண்டு. சோதனைக் குழாயில் மிக அதிகச் செறிவில் அப்படிச் செய்கிறது. நாய்க்குத் தரும் வழக்கமான அளவில் ரத்தத்தில் அந்தச் செறிவு வருவதே இல்லை. நீர் கோக்க ஆரம்பித்தபின் ஃபுரோசமைடு சேரும். வீட்டில் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள வேலை, நாய் தூங்கும்போது மூச்சை எண்ணுவது. நிமிடத்துக்கு 30-க்கு மேல் தொடர்ந்து போனால் மருத்துவரை அழைக்க வேண்டும்.

ரத்தக்கட்டி தடுப்பு மருந்துக்கு உண்மையான இடம் ஒன்று உண்டு. இதயத்தைத் திறந்து மைட்ரல் வால்வைச் சரிசெய்யும் அறுவை சிகிச்சை. ஜப்பானில் மசாமி உவேச்சி என்ற நிபுணர் சிறு நாய்களில் இதை வளர்த்தெடுத்தார். அறுந்த நார்களுக்குப் பதில் செயற்கை நூல் வைத்துத் தைப்பார்கள். அந்நியப் பொருளின் மேல் உடலின் சொந்தச் செல்கள் படர்ந்து மூடும்வரை கட்டி உருவாகும் அபாயம் இருப்பதால், அந்தக் காலத்துக்குத் தடுப்பு மருந்து தருகிறார்கள்.

பல் பிடுங்க வேண்டும் என்றால்

சிறு இன நாய்களுக்கு வால்வு நோய் போலவே பல் நோயும் அதிகம். இரண்டும் ஒரே வயதில் வருகின்றன. ஆகவே மேலே பேசியவை எல்லாம் நடைமுறையில் மோதும் இடம் பெரும்பாலும் பல் மருத்துவ மேஜைதான்.

நாய் கவலியராக இருந்து, எண்ணிக்கை குறைவாக இருந்தால், தகட்டுப் பரிசோதனை முடிவை முன்கூட்டியே கையில் வைத்திருப்பது நல்லது. கசிவு மிதமோ கடுமையோ என்றால், உதட்டின் உட்புறத்தில் சிறு கீறலிட்டு ரத்தம் நிற்கும் நேரத்தைப் பார்க்கும் சோதனை செய்யலாம். நாய்களில் நான்கு நிமிடத்துக்குள் நிற்பது இயல்பு. எண்ணிக்கையும் செயல்பாடும் சேர்ந்து எப்படி இருக்கின்றன என்பதை நேரடியாகக் காட்டும் எளிய சோதனை இது.

வலிக்கு ஏதாவது மாத்திரை தந்திருந்தால், அதிக அளவில் மீன் எண்ணெய் கொடுத்துக்கொண்டிருந்தால், வேறு காரணத்துக்காகக் குளோபிடோக்ரெல் ஓடிக்கொண்டிருந்தால், மருத்துவர் கேட்காவிட்டாலும் அவரிடம் சொல்லிவிடுங்கள். ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் ஒரு பிளேட்லெட்டைத் தொட்டால் அதன் ஆயுள் முடியும்வரை விடுவதில்லை. மருந்தை நிறுத்தினாலும் புதிய பிளேட்லெட்டுகள் வந்து சேர ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். அறுவை சிகிச்சைத் தேதியை அதற்கேற்ப வைக்க வேண்டும், நிறுத்தலாமா கூடாதா என்பதையும் மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.